கடலோர ஊர்: எண்ணிக்கை ஒன்று

என் வீட்டுக்காரர் ஜம்புநாதனுக்கு ஊசி வாங்குவதென்றாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். புனேயில் ஒரு ராணுவப் பணிமனையின் கொள்முதல் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்தவர். தார்ப்பாய், கயிறு, பெயின்ட், துடைக்கிற துணி என்று சகலத்தையும் டெண்டர் விட்டு வாங்கியே பழகிய கை. ரிட்டயராகி இரண்டு வருடமாகியும் அந்தக் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. புனேயின் ஓரத்தில் தாபோடியில் இருக்கிற எங்கள் வீட்டில் மிக்ஸி கெட்டுப்போனால் புது மிக்ஸி வர நாற்பத்தைந்து நாள் ஆகும். அதுவரை கமிட்டி முடிவு சொல்லட்டும் என்று நான் அம்மியைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்.

இந்த மனிதரிடம்தான் நான் கடல் கேட்டேன்.

கேட்டது இன்று நேற்றல்ல. கல்யாணமாகி மாயவரத்திலிருந்து இங்கே வந்த புதிதிலேயே கேட்டுவிட்டேன். ரிட்டயர் ஆனதும் கடலோரமாக ஒரு ஊர் பார்த்துப் போய்விடலாம் என்று அவர்தான் வாக்குக் கொடுத்தார், நான் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கொன்றும் பங்களா ஆசை கிடையாது. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியவேண்டும், அதைப் பார்த்துக்கொண்டே காலைக் காப்பியைப் போடவேண்டும், அவ்வளவுதான். முப்பத்துநாலு வருடமாக என் ஜன்னலில் தெரிவது எதிர்க் கட்டடமான ‘பி’ விங்கின் தண்ணீர் டேங்க். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவை கடலைப் பார்த்தேன், அலிபாக்குக்கு ஆபீஸ் பிக்னிக் போனபோது. அன்றைக்கும் இவர் பஸ்ஸை விட்டு இறங்காமல் டிபன் பொட்டலங்களுக்குக் காவல் இருந்தார்.

எனக்கு ஐம்பத்தொன்பது முடியப்போகிறது. மாடிப்படி ஏறும்போது முழங்கால் இப்போதே கடகடவென்கிறது. மணலில் நடக்க இன்னும் எத்தனை வருடம் கால் ஒத்துழைக்கும் என்று யாருக்குத் தெரியும். அதனால் இந்தத் தை பிறந்ததும் ஒருநாள், சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, போகிறோமா இல்லையா, ஒன்றில் ஒன்று சொல்லுங்கள், சொன்னால்தான் தட்டு கீழே வரும் என்று நின்றேன்.

“போகலாம் வல்லி. ஆனா முறைப்படி போகணும்” என்றார்.

அந்த ‘முறைப்படி’ காதில் விழுந்ததும் தட்டை நங்கென்று கீழே வைத்தேன்.

அடுத்த வாரமே பதினாலு பக்கத்தில் டெண்டர் பத்திரம் தயாராகிவிட்டது. பொருள்: கடலோர ஊர். எண்ணிக்கை: ஒன்று. குடியிருக்கப் போகிறவர்கள்: இரண்டு நபர். பழைய தார்ப்பாய் டெண்டர் ஒன்றைக் கம்ப்யூட்டரில் எடுத்து, தார்ப்பாய் என்று வந்த இடத்திலெல்லாம் ஊர் என்று மாற்றியிருக்கிறார் என்பது இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துபோயிற்று. ‘ஊரானது மழையில் ஒழுகக்கூடாது. மடித்து வைத்தால் விரிசல் விடக்கூடாது. ஓரங்களில் பித்தளை வளையம் இருத்தல் நலம்’ என்று இருந்தது. அதற்குமேல் படிக்க எனக்குப் பொறுமையில்லை, கீழே வைத்துவிட்டேன்.

அடுப்படியிலிருந்து கடல் தெரியவேண்டும் என்பதை முதல் நிபந்தனையாகப் போடச் சொன்னேன். அப்படிக் குறிப்பாகப் போட்டால் ஏதோ ஒரு ஊருக்குச் சலுகை காட்டியது போலாகும், ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம் என்றார். எந்த ஆடிட், யார் வீட்டு ஆடிட் என்று கேட்டேன். கடைசியில் ‘கடலோடு நீர்வழித் தொடர்பு உள்ள ஊர்’ என்று பொதுவாக எழுதிக்கொண்டார். நானும் சாம்பார் தீய்கிற அவசரத்தில் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

ஊர் எப்படி ஐயா டெண்டர் போடும்? அதற்கும் வழி வைத்திருந்தார். ஒவ்வொரு ஊருக்கும் அதிகாரம் பெற்ற ஒரு பிரதிநிதி. அந்த ஊரில் பிறந்தவராகவோ அந்த ஊரை அறிந்தவராகவோ இருந்தால் போதும். எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டினார். கூட வேலை பார்த்த ஜெபமணிக்கு ஒரு பிரதி அனுப்பினார். ஜெபமணி தூத்துக்குடிக்காரர், ஸ்டோர்கீப்பராக இருந்து ரிட்டயராகி இங்கே புனேயிலேயே கோர்படியில் இருக்கிறார். எங்கள் இரண்டாவது மாடி ராஜஸ்ரீ பிறந்தது கொங்கண் கரையில் ரத்னாகிரி. மாயவரத்தில் இருக்கும் என் அண்ணன் சந்தானத்துக்கு நாகப்பட்டினத்தின் பொறுப்பு.

எல்லாரும் சிரித்துவிட்டுப் போவார்கள், இவருக்கும் புத்தி வரும் என்று நினைத்தேன். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம். ஜெபமணி டை கட்டிக்கொண்டு வந்து பத்திரம் வாங்கிப்போனார். ராஜஸ்ரீ டெண்டருக்கு முந்தைய கூட்டம் எப்போது என்று கேட்டாள். அப்படி ஒன்று வேறு நடந்தது, எங்கள் ஹாலில், என் செலவில் அவல் போஹாவும் சாயும். மழைக்காலத்தைச் செலவில் சேர்ப்பதா, வாழ்க்கை வசதியில் சேர்ப்பதா என்று ராஜஸ்ரீ மராத்தியில் சந்தேகம் கேட்டாள். இவர் கொஞ்சம் யோசித்து, குடை வாங்கினால் செலவு, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தால் வசதி என்று தீர்ப்பு சொன்னார். தூத்துக்குடி வெயிலுக்கும் அதே நீதிதான். விசிறி ஓடுகிற கரண்ட் செலவு, மீன் சீக்கிரம் கருவாடாவது வசதி. அதை மினிட்ஸில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பிறகு மாதிரிகள் வந்தன. ராஜஸ்ரீ தேங்காய்ப்பாலில் புளிப்பாகச் செய்கிற சோல்கடி ஒரு ஜாடியும், பலாப்பழத்தை அரைத்துக் காயவைத்த பணஸ் போளியும் கொண்டுவந்தாள். ஜெபமணி அஞ்சு லிட்டர் கேனில் கடல் தண்ணீர், ஒரு பொட்டலம் உப்பு, ஒரு டப்பா மக்ரூன் கொடுத்தார். தண்ணீர் கேன் ‘மாதிரி எண் இரண்டு, திறக்கக்கூடாது’ என்று சீட்டு ஒட்டப்பட்டுப் பரண் ஏறியது. மக்ரூனைச் சோதனைக்காக இவரே தினம் நாலாகத் தின்றார். எனக்குக் கிடையாதாம். பொருளைப் பயன்படுத்தப் போகிறவர் மாதிரியைத் தொட்டால் முடிவில் பாரபட்சம் வந்துவிடுமாம். முப்பத்துநாலு வருடம் சோறு போட்டவளுக்கு மக்ரூன் கிடையாது என்றால் எப்படி இருக்கும்? அவர் குளிக்கப் போன நேரத்தில் ஆறு எடுத்துத் தின்றேன். தூத்துக்குடிக்கு என் மனதில் அன்றைக்கே நூற்றுக்கு நூறு போட்டுவிட்டேன்.

என் அண்ணனின் கவர் விஷயத்தைச் சொன்னால் வயிறு எரியும். பாவம், அண்ணன் நாகப்பட்டினத்துக்கே நேரில் போய் மீன் விலை, பால் விலை, வீட்டு வாடகை, டாக்டர் பீஸ் எல்லாம் விசாரித்து எழுதி கூரியரில் அனுப்பினார். கடைசி நாள் மூன்று மணிக்கு டெண்டர் பெட்டியை மூடவேண்டும். கூரியர் பையன் இரண்டே முக்காலுக்கு வாசலில் நிற்கிறான், ஓடிபி கேட்கிறான். ஓடிபி இவர் போனில். டெண்டரைத் திறக்கப்போகிற அதிகாரி டெண்டரைக் கையால் வாங்கக்கூடாது என்று சொல்லி, இவர் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு வெளியே வந்து ஓடிபி சொன்னார். கவர் மேல் ‘தாமதம், நிராகரிக்கப்பட்டது’ என்று சிவப்பு மையில் எழுதி அண்ணனுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணன் பத்து நாள் என்னோடு பேசவில்லை.

திறப்பு விழா வெள்ளிக்கிழமை. கமிட்டியில் இவர் தலைவர், எங்கள் மகள் ப்ரீதி உறுப்பினர். அவள் ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கிறாள். அன்றைக்கு ஷிப்ட்டுக்குப் போகிற கம்பெனி வண்டி டிராபிக்கில் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்ததால் வீடியோவில் வந்தாள். தமிழ் அவளுக்குத் தட்டித் தடவித்தான் வரும். “அப்பா, ஏதாவது ஒரு ஊர்ல ஒரு மாசம் ரென்ட் பண்ணி இருந்து பாருங்களேன். பிடிச்சா ஸ்டே, பிடிக்கலன்னா வாபஸ். சிம்பிள்” என்றாள். இரண்டு மாதத்தில் எங்கள் வீட்டில் பேசப்பட்ட ஒரே உருப்படியான பேச்சு அது. ‘உறுப்பினரின் சொந்தக் கருத்து, பதிவு செய்யப்பட்டது’ என்று எழுதிக்கொண்டு இவர் பெட்டியைத் திறந்தார். அது எங்கள் தீபாவளி முறுக்கு டப்பா, மூடியில் ஓட்டை போட்டுப் பூட்டுப் போட்டிருந்தார்.

முதலில் ரத்னாகிரி. நாலு பக்கம், நல்ல கையெழுத்து. வாடகை பன்னிரண்டாயிரம், மாம்பழம் இலவசம், ஆனால் தமிழ் பேச ஆளில்லை என்று நேர்மையாக எழுதியிருந்தாள். இரண்டாவது தூத்துக்குடி. வாடகை எட்டாயிரம். ஜெபமணியின் தங்கை வீட்டு மாடி, அடுப்படி ஜன்னலைத் திறந்தால் நேராகக் கடல், நடுவில் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது. கிடைத்துவிட்டது, கிடைத்தேவிட்டது என்று ஓடிப்போய் ஜெபமணிக்கு இன்னொரு தம்ளர் சாய் கொண்டுவந்தேன்.

அப்போது டப்பாவின் அடியிலிருந்து இவர் மூன்றாவது கவரை எடுத்தார்.

ஊர்: தாபோடி. பிரதிநிதி: ராம்பிரசாத். ராம்பிரசாத் எங்கள் சொசைட்டி சேர்மன், பாங்கியில் இருந்து ரிட்டயரானவர். அவரும் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போஹாவுக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் சொசைட்டி செக்ரட்டரி. இவர் ஊரை விட்டுப் போய்விட்டால் தண்ணீர் டாங்கர்காரனிடம் மல்லுக்கட்ட ஆளில்லை என்று ராம்பிரசாத்துக்குக் கவலை. அது எனக்குத் தெரியும். ஆனால் ஊரையே டெண்டரில் இறக்குவார் என்று யார் கண்டது?

இவர் உரக்கப் படித்தார். தாபோடிக்குப் பக்கத்தில் பவனா ஆறு முளாவில் சேருகிறது. முளா போய் முட்டாவோடு சேருகிறது. அது பீமாவில் விழுகிறது. பீமா கிருஷ்ணாவில் விழுகிறது. கிருஷ்ணா ஆந்திராவைத் தாண்டி வங்காள விரிகுடாவில் விழுகிறது. ஆகவே தாபோடி கடலோடு நீர்வழித் தொடர்பு உள்ள ஊர். மாதிரியாக ஒரு பாட்டில் ஆற்றுத் தண்ணீர் இணைக்கப்பட்டுள்ளது. வாடகை: சொந்த வீடு, ஆகவே சைபர்.

பாட்டிலுக்குள் தண்ணீரைவிட ஆகாயத்தாமரைதான் அதிகமாக இருந்தது. ஒரு கொசுவும் இருந்தது, உயிரோடு.

கடல் எங்கே என்று கேட்டேன். ஆற்று வழியே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, அதைச் சிறு விலகலாக எடுத்துக்கொள்ளலாம், டெலிவரி கொஞ்சம் தாமதம் என்று அர்த்தம் என்றார் இவர். குறைந்த விலை சொன்னவரை எல்-ஒன் என்பார்கள், எல்-ஒன்னுக்குத்தான் ஆர்டர், அதை மாற்ற ஜனாதிபதிக்கே அதிகாரமில்லை என்றார். தாபோடி எல்-ஒன். தூத்துக்குடி எல்-டூ. ரத்னாகிரி எல்-த்ரீ. ராஜஸ்ரீ தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவேன் என்று எழுந்து நின்றாள். ராம்பிரசாத் எல்லாருக்கும் பேடா கொடுத்தார், என் கையிலும் ஒன்று வைத்தார்.

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். லீவு விட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது. அதில்தான் எனக்கு ஏதோ உறைத்தது. தாபோடியின் கவரை வாங்கிப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் வலது மூலையில் பக்க எண், அதைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்துக்குக் கீழே இரண்டு புள்ளி. இந்த உலகத்தில் அப்படிப் போடுகிற ஆள் ஒருவர்தான். என் கழுத்தில் தாலி கட்டியவர்.

எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் வருகிற அழுகை இல்லை, ஆத்திரத்தில் வருகிறது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், ரெண்டு நாள் பட்டினி கிடந்திருப்பேன், பிறகு எழுந்து சோறு வடித்திருப்பேன். இரண்டு மாதம் ஊரைக் கூட்டி, என் கையாலேயே போஹா கிண்ட வைத்து, ஆறு ஆறாக ஓடி என்னை ஏமாற்ற வேண்டுமா? ஆனால் நாலு பேர் நடுவில் அவர் மானத்தை வாங்க எனக்கு வாய் வரவில்லை. டெண்டர் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். தண்ணீர் டேங்கைப் பார்த்துக்கொண்டு முதல் தடவையாகப் பதினாலு பக்கத்தையும் ஒரு எழுத்து விடாமல் படித்தேன்.

அரை மணி கழித்து ஹாலுக்கு வந்தேன். இன்னும் யாரும் போகவில்லை, இவர் முடிவு அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தார்.

“பதினோராம் பக்கம், இருபத்திமூணாவது ஷரத்தை எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க” என்றேன்.

படித்தார். தேவைப்பட்டால் ஆர்டரை இரண்டாகப் பிரித்து, பாதியை எல்-ஒன்னுக்கும் மீதிப் பாதியை எல்-டூவுக்கும் கொடுக்கலாம். பிரிக்கச் சொல்லும் உரிமை பொருளைப் பயன்படுத்தப் போகிறவருக்கு உண்டு. தார்ப்பாய்க்காக எழுதிய ஷரத்து, எடுக்க மறந்திருக்கிறார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

“குடியிருக்கப் போறவங்க ரெண்டு பேரு. ரெண்டுல பாதி ஒண்ணு. தாபோடிக்கு நீங்க, தூத்துக்குடிக்கு நான்” என்றேன்.

போனுக்குள்ளிருந்து ப்ரீதி ஏதோ கேட்டாள், டிராபிக் சத்தத்தில் காதில் விழவில்லை. ஜெபமணி டையைச் சரிசெய்துகொண்டார். “எல்-டூவுக்குச் சம்மதம் சார். அக்காவ என் தங்கச்சி நல்லாப் பாத்துக்கிடுவா, நான் சொல்லுதேன்” என்றார். ராம்பிரசாத் இந்தியில் ஏதோ ஆட்சேபணை சொல்லப் பார்த்தார். எல்-ஒன்னுக்குப் பாதி ஆர்டர் கிடைத்துவிட்டது, செக்ரட்டரி இங்கேயேதான் இருக்கப்போகிறார், அவருக்கு என்ன குறை என்று ராஜஸ்ரீ அவர் வாயை அடைத்தாள்.

இவர் என்னைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார். முப்பத்தாறு வருடத்தில் ஒரு ஷரத்தையும் மீறியதில்லை என்பதுதான் இந்த மனிதருடைய ஒரே பெருமை. அதை மீற அவர் கையே அவரை விடவில்லை. பேனாவைத் திறந்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டார்.

எல்லாரும் போனபிறகு போஹாத் தட்டுகளை எடுத்து அடுக்கினேன். இவர் அதே நாற்காலியில் முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சோபாவில் உட்கார்ந்து போனில் ரயில் டிக்கெட் பார்க்க ஆரம்பித்தேன். இவரை விட்டுவிட்டு ஒரு ராத்திரி இருந்ததில்லை நான். ஆனால் இப்போது போகாவிட்டால் இனிமேல் எப்போதும் போகப்போவதில்லை என்பதும் தெரிந்தது.

“தாபோடி கவரை நான்தான் எழுதுனேன்” என்றார்.

தெரியும் என்றேன்.

டப்பாவின் பூட்டைத் திருகினார். பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “இங்க வாசல் கேட்ல போய் நின்னா வாட்ச்மேன்லேர்ந்து பால்காரன் வரைக்கும் ஜம்பு சாப்ங்கறான். ஆபீஸ் போனதுக்கப்புறம் எனக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான் வல்லி. தூத்துக்குடில எனக்கு யாரைத் தெரியும்?”

இரண்டு வருடமாக இந்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. என் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். பாதி போயிற்று.

“என்னைத் தெரியும்ல” என்றேன்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. போனில் பயணியின் பெயர் கேட்டது, ஆனந்தவல்லி என்று போட்டேன். வயது ஐம்பத்தொன்பது. பெண். இன்னொரு பயணியைச் சேர்க்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்த விரலைக் கொண்டுபோனேன். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. சோபாவுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“அறுபத்திரண்டு” என்றார். “ஆண். லோயர் பெர்த்.”